மழைக் கணக்கு எழுதும் வீடு

அன்புள்ள மயிலாடுதுறைச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐப்பசிதோறும் துலாக்கட்டத்தில் முழுக்குப் போட்டே வளர்ந்த உங்கள் அப்பா, 78 வயதில் தலைக்காவிரியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மடிக்கேரியில் ஓட்டலில் அறை போட்டுவிடலாம் என்கிறார் உங்கள் கணவர். காப்பித் தோட்டத்து வீடு ஒன்றில் தங்கவேண்டும் என்பது உங்கள் ஆசை. ஆனாலும், ‘காசைக் கொடுத்துவிட்டு அடுத்தவர் வீட்டுக்குள் போய் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது?’ என்று தயங்கியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் உங்களுக்குத் தனியாக எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி இங்கே பதில் எழுதுகிறேன். அந்தத் தயக்கம் நம்மில் பலருக்கும் இருக்கிறது.

எனக்கும் இருந்தது. வீட்டுக்கு வந்தவருக்குப் போட்ட சோற்றைக் கணக்குப் பார்க்கக் கூடாது என்று சொல்லி வளர்த்த குடும்பம் எங்களுடையது. சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம், அம்மாவை அழைத்துக்கொண்டு குடகுக்குப் போனபோது, பாகமண்டலத்துக்குப் போகிற வழியில் ஒரு தோட்டத்து வீட்டில் தங்கினோம். முதல் நாள் காலை சாப்பாட்டு மேசைக்குப் போகவே கால் வரவில்லை. வீட்டுக்கார அம்மா அதைக் கவனித்துவிட்டார். ‘எங்க மாமியார் இருந்தவரைக்கும் இதுக்கு ஒத்துக்கவே இல்லை. நம்ம வீட்டுச் சோத்துக்கு ரூபாய் வாங்குவியான்னு கேட்டாங்க’ என்றார். தோட்டத்து ஆட்களோடு பேசிப் பழகிய தமிழ். எனக்கிருந்த அதே கூச்சம் அந்தப் பக்கமும் இருந்திருக்கிறது என்று தெரிந்ததும் மனசு லேசாகிவிட்டது.

அவர்கள் கதை குடகில் பல வீடுகளின் கதைதான். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் உலகச் சந்தையில் காப்பி விலை பாதாளத்துக்குப் போனது. பறிகூலிக்கே கட்டவில்லை. பிள்ளைகள் படித்துப் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். பெரிய ஓட்டு வீட்டில் அறைகள் பூட்டிக் கிடந்தன. அதில் இரண்டைத் திறந்து, வெள்ளையடித்து, குளியலறை சேர்த்து விருந்தாளிகளுக்கு விட்டார்கள். நாம் கொடுக்கும் காசு அந்த வீட்டின் ஓட்டை மாற்றவும் தோட்டத்தைத் தாக்குப்பிடிக்க வைக்கவும் போகிறது. வாங்குகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

நாங்கள் போயிருந்த நாளைச் சொல்ல வேண்டும். ஆடிப் பதினெட்டு. நமக்கு ஆடிப்பெருக்கு, கலந்த சாதம், காதோலை கருகமணி. அதே நாள் குடகர்களுக்குக் கக்கடப் பதினெட்டு. ‘மத்து தொப்பு’ என்று ஒரு செடி, காப்பிச் செடிகளுக்கு நடுவே தானாக வளர்கிறது. அன்றைக்கு அதன் இலையில் பதினெட்டு மருந்துக் குணமும் சேர்ந்து நிற்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. விடியற்காலை அந்த அம்மா கூடை நிறைய இலையோடு கொல்லைப்புறத்திலிருந்து வந்தார். புடவைத் தலைப்பெல்லாம் ஈரம். இலையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டதும் பாத்திரம் முழுக்க நாவற்பழச் சாறு போல நிறம் இறங்கியது. இலையை எடுத்துப் போட்டுவிட்டு அந்தத் தண்ணீரில் அரிசியை வேகவைத்து, வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் பாயசம். என் அம்மா அடுப்படியிலேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கிண்ணத்தைக் கையில் கொடுக்கும்போது அந்த அம்மா, ‘நாளைக்குச் சிறுநீர் சிவப்பாப் போகும், பயந்துடாதீங்க’ என்று காதோடு சொன்னார். எந்த ஓட்டலில், யார் வந்து நமக்கு இதைச் சொல்வார்கள்?

அந்த வீட்டுப் பெண்கள் புடவைக் கொசுவத்தைப் பின்பக்கம் வைத்துக் கட்டுவதை அம்மா விசாரித்தார். காவிரி பெருகி ஓடிய வேகத்தில் கரையில் நின்ற பெண்களின் கொசுவம் பின்னால் தள்ளிப்போய்விட்டது, அன்றிலிருந்து அப்படியே கட்டுகிறோம் என்று பதில் வந்தது. அடுப்பில் ‘பாப்புட்டு’ வெந்துகொண்டிருந்தது. அரிசி நொய்யைப் பாலும் தேங்காய்த் துருவலும் விட்டுத் தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைப்பது. கூடவே வெல்லம் போட்ட கடுங்காப்பி.

என்னால் மறக்க முடியாதது அந்த வீட்டுப் பெரியவரின் மழைக் குறிப்பேடு. தினமும் காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றிப் பார்ப்பார். குடகுத் தோட்டக்காரர்கள் மழையை இன்னமும் அங்குலத்திலும் ‘சென்ட்’டிலும்தான் சொல்கிறார்கள். நூறு சென்ட் ஓர் அங்குலம். உள்ளே வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நீல அட்டை போட்ட நோட்டில் தேதியையும் அளவையும் எழுதுவார். அவருடைய அப்பா காலத்திலிருந்து எழுதிய நோட்டுகள் அலமாரியில் அடுக்கியிருந்தன. பிப்ரவரி, மார்ச்சில் ஓர் அங்குலம் மழை விழுந்தால்தான் ரொபஸ்டா செடி ஒன்றாகப் பூக்கும், அதனால் அந்த மாதங்களின் பக்கங்களில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். 2018 ஆகஸ்ட் பக்கத்தைத் திறந்து காட்டினார். மலை சரிந்து ஊர்கள் மண்ணுக்குள் போன மாதம் அது. ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்துவிட்டார்.

நாங்கள் தஞ்சைப் பக்கம் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ‘மேட்டூரில் எத்தனை அடி?’ அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பதும், ஜூன் 12-ல் திறப்பது வழக்கம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அம்மா குறுவை, சம்பா, தாளடி என்று விரல்விட்டு எண்ணிச் சொல்ல ஆரம்பித்தார். முற்றத்தில் விழுகிற மழை எந்த வயலுக்குப் போகிறது என்று அவர் கேட்க, எங்கள் வாய்க்காலின் பெயரை அம்மா சொல்ல, அன்று பத்து மணிக்குக் கிளம்ப வேண்டிய நாங்கள் பன்னிரண்டுக்குத்தான் கிளம்பினோம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கையும் சொல்லாமல் விட்டால் தப்பு. ‘ஹோம் ஸ்டே’ என்று பலகை மாட்டியதெல்லாம் வீடாகிவிடாது. அடுத்த முறை போனபோது நானே ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். படத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் உரிமையாளர் வேறு ஊரில், பூந்தொட்டிக்கு அடியில் சாவி, காலையில் யாரோ வாங்கிவந்து வைத்த பொட்டலத்தில் ஆறிய இட்லி. மனசு விட்டுப்போயிற்று. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் பதிவு செய்யும் வீடுகளுக்கு ஒரு விதி உண்டு: உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும்; வாடகைக்கு விடுவது ஆறு அறைக்கு, பன்னிரண்டு படுக்கைக்கு மேல் போகக் கூடாது. விதியின் உயிரே முதல் பாதியில்தான் இருக்கிறது. ஆகவே போன் செய்யும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்னால், ‘நாங்கள் வருகிற அன்று நீங்கள் வீட்டில் இருப்பீர்களா, சமையல் யார்?’ என்று கேளுங்கள். வீட்டுக்காரர் என்றால் அந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

அப்பாவுக்காக இன்னும் சிலது. தரைத்தள அறையாக வேண்டும், மேற்கத்தியக் கழிப்பறை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோட்டத்து வீடுகள் பல மேட்டில் இருக்கும். கார் வாசல்வரை போகுமா என்று விசாரியுங்கள். நீங்கள் சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். குடகர் வீட்டில் பன்றிக்கறி விசேஷ உணவு, அதையும் மனதில் வைத்து முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் சங்கடம் இல்லை. காளான் குழம்பும் மூங்கில் குருத்தும் கடம்புட்டும் செய்து போடுவார்கள். துலா சங்கிரமணம், அதாவது அக்டோபர் 17-ஐ ஒட்டிய நாளில், தலைக்காவிரியில் கூட்டம் நெரியும். அப்பாவின் வயதுக்கு ஒரு வாரம் தள்ளிப் போவது நல்லது, ஐப்பசியும் முடிந்திருக்காது. கோவில் இருப்பது கடல்மட்டத்திலிருந்து 1,276 மீட்டர் உயரத்தில். காற்றும் சாரலும் இருக்கும், கம்பளிக் குல்லாய் அவசியம். பிரம்மகிரி உச்சிக்குப் போகும் படிகளை அவர் ஏற வேண்டாம்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு வந்து சேர்வீர்கள் என்றாலோ, அப்பாவுக்கு லிஃப்ட் இல்லாமல் முடியாது என்றாலோ, யாரோடும் பேசாமல் இரண்டு நாள் தூங்க வேண்டும் என்றாலோ ஓட்டலுக்கே போங்கள். வீட்டில் தங்கினால் வீட்டாரின் நேரத்துக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கத்தான் வேண்டும். மழையில் மின்சாரம் போகும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் காப்பி கேட்பது முறையில்லை. சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துப்போய்க் கழுவும் இடத்தில் வைத்தால் அந்த அம்மா வேண்டாம் என்பார், ஆனாலும் முகம் மலரும்.

வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் பக்கத்துக் கொழுந்து வெற்றிலை ஒரு கவுளி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். புறப்படுகிற அன்று காலைப் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் அப்பாவிடம். அங்கே கேட்பார்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி