கோ மொழியிலிருந்து குபெர்நெட்டிஸ் வரை: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கிளவுட் வேலைக்கு எந்த மொழியைக் கற்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் தயங்காமல் சொல்வது கோ மொழியைத்தான். கன்டெய்னர்களை உருவாக்கும் டாக்கர், அவற்றைப் பல கணினிகளில் நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸ், குபெர்நெட்டிஸ் தன் தகவல்களைச் சேமித்து வைக்கும் எட்சிடி, கண்காணிப்புக்கான பிராமிதியஸ், ஹெல்ம், டெராஃபார்ம் எல்லாமே இதில் எழுதப்பட்டவை. அன்றாடம் பயன்படுத்தும் கருவி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று சந்தேகம் வந்தால், அதன் மூல நிரலைத் திறந்து நாமே படித்துத் தெரிந்துகொள்ளலாம். இந்தத் துறையில் அதைவிடப் பெரிய பலம் வேறில்லை.

கூகுளில் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன் ஆகிய மூவரும் 2007-இல் இதை வடிவமைக்கத் தொடங்கினார்கள். பெரிய சி++ நிரல்களை கம்பைல் செய்வதற்கே நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது அவர்களை உறுத்தியது. 2009 நவம்பரில் மொழி வெளியுலகுக்கு வந்தது. 2012 மார்ச்சில் 1.0 பதிப்பு. அதற்கு எழுதிய நிரல் பின்னால் வரும் 1-வரிசைப் பதிப்புகளிலும் ஓடும் என்று அப்போது உறுதி கொடுத்தார்கள். அதனால் பழைய புத்தகத்தில் படித்தது வீணாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

பலர் நேராகக் குபெர்நெட்டிஸ் ஆபரேட்டர் (சொந்தக் கன்ட்ரோலர்) எழுதும் பாடத்தைத் திறந்து, கருவி உருவாக்கித் தரும் கோப்புகளுக்கு நடுவே திணறி, மொழியே கடினம் என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் சின்னதாக ஒரே ஒரு நிரலை எடுத்துக்கொண்டு, அதையே கடைசிவரை வளர்த்துப் போகச் சொல்வேன். இங்கே நாம் வளர்க்கப்போவது, சில இணைய முகவரிகளை வாங்கி ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் நிரல். வேறு ஏதாவது ஒரு மொழியில் ஓரளவு பழக்கமும் லினக்ஸ் டெர்மினலில் பயமில்லாத கையும் இருந்தால் போதும்.

## படி 1: நிறுவுதல்

கோ மொழியின் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். லினக்ஸ் விநியோகங்களோடு வருவது பல நேரம் பழைய பதிப்பாக இருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், புதிய பதிப்பு வருகிறது. விஎஸ் கோடில் கோ எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துவிட்டால் எடிட்டர் வேலை முடிந்தது.

ஒரு ஃபோல்டரை உருவாக்கி, அதற்குள் 'கோ மாட் இனிட்' கட்டளையை நிரலின் பெயரோடு கொடுங்கள். அங்கே உருவாகும் மாட் கோப்புதான் நிரல் எந்தெந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பை நம்பியிருக்கிறது என்பதைக் குறித்துவைக்கும். கோபாத் என்ற ஃபோல்டருக்குள்தான் எழுத வேண்டும் என்று சொல்லும் பாடம் கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள், அது காலாவதியானது.

## படி 2: மொழியில் எதை ஆழமாகப் படிப்பது

மொத்தமே 25 கீவேர்டுகள். லூப்புக்கு 'ஃபார்' மட்டும்தான், 'வைல்' கிடையாது. 'எ டூர் ஆஃப் கோ' என்ற இலவச இணையப் பாடத்தை ஒரு வாரம் நிதானமாகச் செய்தால் இலக்கணம் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு குபெர்நெட்டிஸ் பக்கம் போகிறவர் நேரம் செலவிட வேண்டியவை நான்கு: ஸ்ட்ரக்ட், பாயின்டர், இன்டர்ஃபேஸ், பிழையைக் கையாளும் முறை.

குபெர்நெட்டிஸுக்கு நாம் எழுதும் யாமல் கோப்பு ஒவ்வொன்றும் அதன் உள்ளே ஒரு ஸ்ட்ரக்டாகத்தான் மாறுகிறது. நிரலின் பிரதிகளை ஓடவைக்கும் டிப்ளாய்மென்ட்டின் ஸ்பெக் என்ற ஸ்ட்ரக்டைத் திறந்து பாருங்கள். எத்தனை பிரதி வேண்டும் என்று சொல்லும் 'ரெப்ளிகாஸ்' அங்கே வெறும் எண்ணாக இல்லை, எண்ணைச் சுட்டும் பாயின்டராக இருக்கிறது. யாமலில் அந்த வரியையே எழுதாமல் விட்டால் 1 பிரதி ஓட வேண்டும். 0 என்று எழுதினால் ஒன்றுகூட ஓடக்கூடாது. வெறும் எண்ணாக இருந்திருந்தால், எழுதாமல் விட்டதும் 0, எழுதியதும் 0. இரண்டையும் பிரித்தறிய வழியே இருக்காது. பாயின்டராக இருப்பதால் எழுதாமல் விட்டது 'நில்' ஆகிறது, சுழியம் சுழியமாகவே நிற்கிறது. பாயின்டர் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இன்டர்ஃபேஸை யாரும் அறிவித்துக்கொள்ள வேண்டியதில்லை. கேட்ட மெத்தடுகள் ஒரு டைப்பில் இருந்தாலே அது அந்த இன்டர்ஃபேஸை நிறைவேற்றியதாகக் கணக்கு. நம் நிரலில் 'செக்கர்' என்று ஒரே மெத்தட் உள்ள இன்டர்ஃபேஸை எழுதிவைத்தால், நிஜ இணையத்தைத் தொடும் செக்கரைத் தனியாகவும் டெஸ்ட்டுக்கான போலிச் செக்கரைத் தனியாகவும் வைத்துக்கொள்ளலாம்.

பிழைகளுக்கு இங்கே எக்செப்ஷன் கிடையாது. ஃபங்ஷன் தன் விடையோடு பிழையையும் சேர்த்தே திருப்பித் தரும். அது 'நில்'தானா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். முதல் வாரம் சலிப்பாக இருக்கும். ஆனால் எந்த இடத்தில் என்ன தவறக்கூடும் என்பது நிரலைப் படிக்கும்போதே கண்ணுக்குத் தெரியும். நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்ட நேரத்தில் அதன் அருமை புரியும். பிழையை அப்படியே மேலே அனுப்பாமல், எந்த முகவரியைத் தொடும்போது வந்தது என்ற விவரத்தையும் அதோடு சுற்றி அனுப்பப் பழகுங்கள்.

'மேக்' செய்யாத மேப்பில் எழுதினால் நிரல் பேனிக் ஆகி நின்றுவிடும். புதியவர்கள் அதிகம் சிக்குவது இதில்தான்.

## படி 3: கோரூட்டினும் கான்டெக்ஸ்டும்

நூறு முகவரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால், மெதுவான ஒன்று மற்ற எல்லாவற்றையும் காக்கவைக்கும். ஃபங்ஷனை அழைக்கும் வரிக்கு முன்னால் 'கோ' என்ற சொல்லைச் சேர்த்தால் அது தனிக் கோரூட்டினாக ஓடத் தொடங்கும். ஒவ்வொன்றும் சுமார் 2 கிலோபைட் ஸ்டாக்கோடுதான் பிறக்கிறது, ஆயிரக்கணக்கில் ஓடவிட்டாலும் நினைவகம் தாங்கும். ஆனால் 'மெய்ன்' முடிந்தால் எல்லாக் கோரூட்டின்களும் அத்தோடு முடிந்துவிடும். அதனால் வெயிட்குரூப் வைத்து அனைத்தும் முடியும்வரை காத்திருங்கள், விடைகளைச் சேனல் வழியே சேகரியுங்கள். டெஸ்ட் ஓட்டும்போது 'ரேஸ்' என்ற ஃபிளாகை எப்போதும் சேருங்கள். இரண்டு கோரூட்டின்கள் ஒரே மாறியில் கைவைப்பதை அது ஓட்டத்தின்போதே பிடித்துக்கொடுக்கும்.

கோ மொழியில் இயல்பாகக் கிடைக்கும் எச்டிடிபி கிளையன்ட்டுக்கு டைம்அவுட்டே இல்லை. எதிர்ப்பக்கம் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் நம் கோரூட்டினும் முடிவில்லாமல் காத்துக்கிடக்கும். இதற்குத்தான் கான்டெக்ஸ்ட். ஐந்து நொடிக் கெடுவோடு ஒரு கான்டெக்ஸ்டை உருவாக்கி அதை ரிக்வெஸ்ட்டோடு அனுப்பினால், கெடு முடிந்ததும் வேலை கைவிடப்படும். குபெர்நெட்டிஸ் லைப்ரரிகளில் எந்த ஃபங்ஷனைத் தொட்டாலும் முதல் ஆர்கியுமென்ட் பெரும்பாலும் கான்டெக்ஸ்டாகவே இருக்கும். அது மனதில் பதியாமல் படி 7-க்குப் போக வேண்டாம்.

## படி 4: கட்டளை நிரலை சர்வராக்குதல்

வெளியார் ஃபிரேம்வொர்க் எதுவும் வேண்டாம், மொழியோடு வரும் 'நெட் எச்டிடிபி' போதும். 1.22 பதிப்பிலிருந்து ரூட்டிங்கும் அதிலேயே நன்றாக வருகிறது. விடைகளைத் தரும் பாதையோடு, உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல ஒன்றும், வேலைக்குத் தயார் என்று சொல்ல ஒன்றுமாக இன்னும் இரண்டு பாதைகளை வையுங்கள். முதலாவது குபெர்நெட்டிஸின் லைவ்னெஸ் புரோபுக்கு, அடுத்தது ரெடினெஸ் புரோபுக்கு. லைவ்னெஸ் பாதையில் டேட்டாபேஸைச் சோதிக்காதீர்கள். டேட்டாபேஸ் சற்றே தடுமாறினால், ஒரு குறையும் இல்லாத உங்கள் பாட்கள் (நிரலின் கன்டெய்னரை ஓட்டும் அலகுகள்) அனைத்தையும் குபெர்நெட்டிஸ் கொன்று கொன்று எழுப்பும்.

முடிவையும் ஒழுங்காக எழுத வேண்டும். ஒரு பாட்-ஐ நீக்கும்போது குபெர்நெட்டிஸ் முதலில் சிக்டெர்ம் என்ற சிக்னலை அனுப்புகிறது. வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு சிக்கில் அனுப்பி முடித்துவிடும். சிக்டெர்ம் வந்ததும் சர்வரின் 'ஷட்டவுன்' மெத்தடை அழைத்தால், கையில் இருக்கும் ரிக்வெஸ்ட்டுகளை முடித்துக்கொடுத்துவிட்டு அமைதியாக விலகும்.

## படி 5: கன்டெய்னருக்குள் அடைத்தல்

கோ நிரல் கம்பைல் ஆனதும் ஒரே ஒரு கோப்பு. சி நிரலை இணைக்கும் சிகோ வசதியை அணைத்து பில்டு செய்தால், அது சிஸ்டம் லைப்ரரி எதையும் கேட்காது. எனவே டாக்கர்ஃபைலை இரண்டு கட்டமாக எழுதுங்கள்: முதல் கட்டத்தில் கோ இமேஜை வைத்து பில்டு, இரண்டாவதில் அந்தக் கோப்பை மட்டும் சிறிய இமேஜுக்குள் நகலெடுப்பது.

அந்தச் சிறிய இமேஜுக்கு 'ஸ்க்ராட்ச்' என்ற வெற்று இமேஜையே எடுக்கத் தோன்றும். அதில் சான்றிதழ்க் கோப்புகள்கூட இல்லாததால், நம் நிரல் எச்டிடிபிஎஸ் முகவரியைத் தொட்டதுமே சான்றிதழில் யார் கையெழுத்திட்டார் என்று தெரியவில்லை என்று பிழை காட்டும். 'டிஸ்ட்ரோலெஸ் ஸ்டாட்டிக்' இமேஜில் சான்றிதழ்களும் நேர மண்டலத் தகவலும் உண்டு, ரூட் அல்லாத பயனரும் உண்டு. என் தேர்வு அதுதான்.

நிரலைத் தொடங்கும் வரியைச் சதுர அடைப்புக்குள் பட்டியலாக எழுதுங்கள். வெறும் வரியாக எழுதினால் இடையில் ஷெல் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிக்டெர்ம் அந்த ஷெல்லுக்குப் போய்ச் சேரும், உங்கள் நிரலுக்கு வராமலே போகலாம். படி 4-இல் எழுதிய ஒழுங்கான முடிவு அப்போது ஓடவே ஓடாது.

## படி 6: சொந்தக் கணினியில் ஒரு கிளஸ்டர்

கிளவுட் கணக்குக்குப் பணம் கட்ட வேண்டாம். 'கைண்ட்' என்ற கருவி டாக்கர் கன்டெய்னர்களையே நோட்களாக வைத்து உங்கள் லேப்டாப்பில் முழுக் கிளஸ்டரை எழுப்பித்தரும். நீங்கள் பில்டு செய்த இமேஜ் அந்த நோட்களுக்குத் தெரியாது. 'கைண்ட் லோடு' கட்டளையால் உள்ளே ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகும் 'இமேஜ்புல்பேக்ஆஃப்' என்று வந்தால் டேகைப் பாருங்கள். டேக் 'லேட்டஸ்ட்' என்றிருந்தால் குபெர்நெட்டிஸ் ஒவ்வொரு முறையும் வெளி ரெஜிஸ்ட்ரிக்குத்தான் தேடிப் போகும். 0.1 மாதிரி ஒரு எண்ணை டேகாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

பாட் 137 என்ற எண்ணோடு இறந்திருந்தால் சிக்கில் விழுந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் மெமரி வரம்பைத் தாண்டியதுதான் காரணம். கோ 1.19-இல் வந்த கோமெம்லிமிட் என்ற மாறியில் கன்டெய்னர் வரம்புக்குச் சற்றுக் கீழான அளவைக் கொடுத்தால், குப்பை சேகரிப்பான் எல்லையை உணர்ந்து முன்கூட்டியே வேலை செய்யும். சிபியு வரம்பையோ 1.25 பதிப்பிலிருந்து மொழி தானாகவே கவனிக்கிறது. அதற்கு முன் நோட்டில் இருக்கும் மொத்தக் கோர்களும் தனக்கே என்று அது எண்ணிக்கொண்டிருந்தது.

## படி 7: கிளஸ்டரோடு பேசுதல்

இனி முகவரிப் பட்டியலை நாம் கொடுக்கப்போவதில்லை. கிளஸ்டரில் என்னென்ன சர்வீஸ்கள் இருக்கின்றன என்று நிரலே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். இதற்கான லைப்ரரி கிளையன்ட்-கோ. அதன் பதிப்பெண் குபெர்நெட்டிஸ் பதிப்பையே பின்பற்றும்: கிளஸ்டர் 1.30 என்றால் லைப்ரரி 0.30.

லேப்டாப்பிலிருந்து ஓட்டும்போது உங்கள் கியூப்கான்ஃபிக் கோப்பில் உள்ள அதிகாரம் கைகொடுக்கும். அதே நிரலைப் பாட்-க்குள் வைத்தால் 403 வரும், அனுமதி இல்லை என்று. பாட் தன் சர்வீஸ் அக்கவுன்ட்டின் பெயரில்தான் பேசுகிறது, அந்த அக்கவுன்ட்டுக்கு நீங்கள் இன்னும் எதையும் அனுமதிக்கவில்லை. கிளஸ்டர் முழுவதும் சர்வீஸ்களைப் படிக்க மட்டும் ஒரு கிளஸ்டர்ரோல், அதை அக்கவுன்ட்டோடு இணைக்க ஒரு கிளஸ்டர்ரோல்பைண்டிங். அவசரத்தில் கிளஸ்டர் அட்மின் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். கற்கும்போது பழகுவதுதான் வேலையிலும் கூடவே வரும்.

ஐந்து நொடிக்கு ஒருமுறை பட்டியலைக் கேட்டுக்கொண்டே இருப்பது ஏபிஐ சர்வருக்குச் சுமை. அதற்குப் பதில் கிளையன்ட்-கோவில் உள்ள இன்ஃபார்மரைப் பயன்படுத்துங்கள்; அது ஒருமுறை முழுப் பட்டியலையும் வாங்கி, பிறகு மாற்றங்களை மட்டும் கேட்டு, தன்னிடமே ஒரு நகல் வைத்துக்கொள்ளும். அதிலிருந்து எடுத்த பொருளை நேரடியாகத் திருத்தக் கூடாது. 'டீப்காப்பி' செய்துதான் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் எல்லாரும் பார்க்கும் நகலையே கெடுத்துவிடுவீர்கள்.

## படி 8: சொந்தக் கன்ட்ரோலர்

இப்போதுதான் கன்ட்ரோலர் எழுத உதவும் கியூப்பில்டர் என்ற கருவியைத் தொட நேரம். 'சைட்செக்' என்று நாமே ஒரு ரிசோர்ஸ் வகையை அறிவிப்போம். ஸ்பெக்கில் முகவரியும் எத்தனை நொடிக்கு ஒருமுறை பார்ப்பது என்பதும், ஸ்டேட்டஸில் கடைசி விடையும் சோதித்த நேரமும். கியூப்பில்டர் சட்டகத்தை உருவாக்கித் தரும். நீங்கள் நிரப்ப வேண்டியது 'ரீகன்சைல்' என்ற ஒரே மெத்தட்.

அந்த மெத்தடுக்கு வந்து சேர்வது ரிசோர்ஸின் பெயரும் நேம்ஸ்பேஸும் மட்டும்தான். புதிதாக உருவாக்கினார்களா, மாற்றினார்களா, அழித்தார்களா என்று யாரும் சொல்லமாட்டார்கள். வேண்டுமென்றே செய்த வடிவமைப்பு இது. மொட்டைமாடித் தொட்டியின் மோட்டாரை இயக்கும் சென்சார், யார் எத்தனை குடம் பிடித்தார்கள் என்று எண்ணுவதில்லை. தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று மட்டும் பார்க்கிறது. கன்ட்ரோலரும் அப்படியே: இருக்க வேண்டிய நிலை என்ன, இப்போது இருக்கும் நிலை என்ன, இடைவெளியை எப்படி மூடுவது. கன்ட்ரோலர் பத்து நிமிடம் செத்துக்கிடந்து, அதற்குள் நடந்த அத்தனை நிகழ்வுகளும் தவறிப்போயிருந்தாலும், எழுந்ததும் நிலையைப் பார்த்து வேலையைத் தொடரும். அதனால் உங்கள் மெத்தட் ஒரே உள்ளீட்டுக்கு எத்தனை முறை ஓடினாலும் ஒரே விளைவைத் தர வேண்டும். ரிசோர்ஸ் காணவில்லை என்றால் அதைப் பிழையாக எண்ணாமல் அமைதியாகத் திரும்பிவிட வேண்டும்.

முகவரியைச் சோதித்து, விடையையும் நேரத்தையும் ஸ்டேட்டஸில் எழுதி, ஸ்பெக்கில் குறித்த நொடி கழித்து மறுபடி அழை என்று சொல்லித் திரும்புங்கள். ஓடவிட்டதும் லாக் நிற்காமல் பாய்வதைப் பார்ப்பீர்கள். சோதித்த நேரத்தை நாம் ஸ்டேட்டஸில் எழுதுகிறோம். எழுதினால் ரிசோர்ஸ் மாறுகிறது. மாறினால் கன்ட்ரோலர் மறுபடி எழுப்பப்படுகிறது. எழுந்ததும் புது நேரத்தை எழுதுகிறது. ஜெனரேஷன் மாறினால் மட்டும் எழுப்பு என்ற பிரெடிக்கேட்டைச் சேர்த்தால் சுழல் அடங்கும், ஏனென்றால் ஸ்டேட்டஸைத் தனி சப்ரிசோர்ஸாக வைத்திருக்கும்போது அதில் எழுதுவது ஜெனரேஷன் எண்ணை உயர்த்தாது. கன்ட்ரோலர் என்பதன் இயல்பு நிஜமாகப் பிடிபடுவது இந்தச் சுழலை ஒருமுறை கண்ணால் பார்த்த பிறகுதான்.

## படி 9: மூல நிரலைத் திறந்து படித்தல்

குபெர்நெட்டிஸ் களஞ்சியத்தில் கன்ட்ரோலர்கள் இருக்கும் ஃபோல்டருக்குள், கேட்ட எண்ணிக்கையில் பாட்கள் ஓடுவதைப் பார்த்துக்கொள்ளும் ரெப்ளிகாசெட்டின் கோப்பைத் திறங்கள். 'சிங்க்ரெப்ளிகாசெட்' என்ற மெத்தடில் தொடங்கி 'மேனேஜ்ரெப்ளிகாஸ்' வரை வாருங்கள். ஓடும் பாட்களின் எண்ணிக்கையிலிருந்து கேட்ட எண்ணிக்கையைக் கழிக்கும் வரி அங்கே இருக்கிறது. விடை கழித்தல் குறியோடு வந்தால் பாட்களை உருவாக்குகிறது, கூட்டலாக வந்தால் நீக்குகிறது. உருவாக்கும்போதும் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்பதில்லை. முதலில் 1, அது சரியாக வந்தால் 2, பிறகு 4 என்று இரட்டித்துக்கொண்டே போகிறது. கோட்டா தீர்ந்துபோன நேம்ஸ்பேஸில் நூறு பாட் கேட்டால் நூறு தோல்விகள் ஏபிஐ சர்வரைத் தாக்காமல், முதல் தோல்வியோடு நின்றுவிட வேண்டும் என்பதற்காக. ஸ்ட்ரக்ட், பாயின்டர், கான்டெக்ஸ்ட், வெயிட்குரூப் எல்லாம் அந்த ஒரே கோப்பில் உண்டு. அதற்குப் பக்கத்திலேயே டெஸ்ட் கோப்பும் இருக்கிறது. அதையும் ஓட்டிப் பாருங்கள்.