லேசான சுருட்டு கேட்ட மருமகனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வேடசந்தூரிலிருந்து மாமா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் மார்கழிக் குளிர் தாங்க முடியவில்லை என்றும், சென்னையிலிருந்து மலைக்கு வந்த உன் நண்பர்கள் ராத்திரி சுருட்டு பற்றவைத்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து உனக்கும் ஆசை வந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறாய். லேசானதாகவும் கையைக் கடிக்காத விலையிலும் புதிதாகத் தொடங்குகிறவனுக்கு ஏற்ற சுருட்டு எது என்று கேட்கிறாய். இலை வியாபாரத்திலேயே தலை நரைத்தவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறாய். தொடங்காதே என்பதுதான் என் எண்ணம். ஆனால் 24 வயது வாத்தியாரிடம் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் அது பதில் ஆகாது. அதனால் லேசு என்பது இலைக்கு எப்படி வருகிறது, மலிவு எப்படி வருகிறது என்று எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

செடியிலிருந்து தொடங்குகிறேன். நிகோட்டின் புகையிலையின் வேரில் உண்டாகி இலைக்கு ஏறுகிறது. பூ வரும் சமயத்தில் கொழுந்தைக் கிள்ளி, பக்கக் கிளைகளையும் ஒடித்துவிட்டால், மிஞ்சிய இலைகள் தடித்துக் காரம் ஏறும். மெல்லும் புகையிலைக்கு எங்கள் பக்கம் இப்படித்தான் செய்கிறோம். ஒரே செடியிலும் உச்சி இலை காரம், அடி இலை லேசு. கியூபாக்காரர்கள் இதற்குத் தனித்தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: அடியில் இருப்பது வொலாடோ, நடுவில் செக்கோ, உச்சியில் லிஹேரோ. சுருட்டின் உள்ளே இந்த மூன்றையும் எந்த அளவில் கலக்கிறார்கள் என்பதில்தான் அதன் காரம் இருக்கிறது. மேலே சுற்றும் இலையும் ருசியை மாற்றும். அமெரிக்காவில் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் துணிப் பந்தல் போட்டு, வெயிலை வடிகட்டி, மெல்லிய இலை வளர்க்கிறார்கள். புதியவர்களுக்கு லேசானது என்று கடைக்காரர் எடுத்துக் காட்டும் சுருட்டுகள் பலவற்றின் மேல் சுற்று அந்த வகை இலைதான்.

தண்ணீரும் முக்கியம். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் உப்புத் தண்ணீர். மெல்லும் புகையிலைக்கு அது ஒத்துப்போகும், புகைக்கிற இலைக்கு ஆகாது. குளோரைடு ஏறிய இலை நின்று எரியாது, அணைந்து அணைந்து போகும். திரும்பத் திரும்ப இழுத்துப் பற்றவைக்கும்போது புகை சூடேறி நாக்கைச் சுடும். சுருட்டு காரம் என்று சிலர் சொல்வது பல சமயம் இந்தச் சூட்டைத்தான். சுருட்டுப் புகையிலையையும் மெல்லும் புகையிலையையும் ஆராய வேடசந்தூரில் 1948 முதல் ஒரு நிலையம் இருப்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் அதன் மதிலோரம் எத்தனை முறை சைக்கிள் ஓட்டியிருப்பாய்.

அறுத்து உலர்த்திய இலையை அப்படியே சுருட்ட முடியாது. போர் போட வேண்டும். இலையைக் கட்டுக் கட்டாக அடுக்கி மூடி வைத்தால் உள்ளே தானாகச் சூடு பிடிக்கும். கையை நுழைத்துப் பார்த்துச் சூடு மிஞ்சுவதற்குள் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியிலும் வெளியில் இருந்ததை உள்ளேயும் வைத்து மறுபடி அடுக்குவார்கள். பிரிக்கும்போது அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும், மூக்கில் ஏறும். அந்த நெடி இலையை விட்டுப் போகப் போக, ஊறுகாய் நாள்பட்டு அடங்குவதுபோல இலையும் அடங்கி நிறம் கறுக்கும், நிகோட்டினும் கொஞ்சம் குறையும். அவசரப்பட்டுப் போரைப் பாதியில் பிரித்து விற்ற இலை தொண்டையைக் கீறும். ஆக, லேசான சுருட்டு என்பது நாள் கொடுத்துப் பக்குவப்படுத்திய இலை. நாள் கொடுத்தால் காசு முடங்கும், விலையும் ஏறும். நீ கேட்ட லேசும் மலிவும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் இழுப்பவை என்பதை இங்கேயே புரிந்துகொள்.

மலிவு என்றால் ஒரு காலத்தில் நம் பக்கத்துச் சுருட்டுதான் நினைவுக்கு வரும். உறையூரிலும் திருச்சியைச் சுற்றியும் சுருட்டியதை வெள்ளைக்காரர்கள் ‘டிரிச்சினோபொலி’ என்ற பெயரில் வாங்கினார்கள். இரண்டு பக்கமும் வெட்டி விட்ட, தலை மூடாத சுருட்டு அது. சென்னை ஸ்பென்சர் கம்பெனிக்குத் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே இருந்தது. 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையில், தரையில் கிடந்த சாம்பலின் கருமையை வைத்தே இது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். லண்டன் வாசகனுக்கு அந்தப் பெயர் அவ்வளவு பழக்கம். சர்ச்சிலுக்கும் இங்கிருந்து போனதாக உறையூரில் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் திருச்சிச் சுருட்டு லேசானது என்று யாரும் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்துச் சுருட்டும் அப்படியே, காரத்துக்குப் பேர் போனது. லேசானது வேண்டும் என்றால் பழைய ஆட்கள் பர்மாச் சுருட்டைச் சொல்வார்கள். பார்க்கத் தடியாக இருக்கும், உள்ளே புகையிலையோடு தண்டும் மரச் சீவலும் கலந்திருக்கும், மேலே சுற்றியிருப்பது நம் நறுவிலி இனத்து மரத்தின் இலை. புகையிலை குறைவு என்பதால் நாக்குக்கு லேசு.

நாக்குக்கு என்று சொன்னதைக் கவனி. இவ்வளவு நேரம் சொன்ன லேசெல்லாம் நாக்குக்கும் தொண்டைக்கும் உண்டானது. உடம்புக்குள் போவதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சிகரெட் புகை பெரும்பாலும் அமிலத் தன்மை உடையது, நுரையீரலுக்கு இழுத்தால்தான் நிகோட்டின் நன்றாக ஏறும். சுருட்டுப் புகை காரத் தன்மை உடையது. வாயில் வைத்து ஊதிவிட்டாலே கன்னத்தின் உள்தோல் வழியாக நிகோட்டின் ரத்தத்தில் சேரும். ‘நான் உள்ளே இழுப்பதில்லை, அதனால் பரவாயில்லை’ என்று உன் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். இலைக்காரர்கள் மத்தியிலும் இதே பேச்சை வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இல் சுருட்டைப் பற்றி மட்டுமே தனி நூல் வெளியிட்டது. உள்ளே இழுக்காதவர்களுக்கும் வாய், குரல்வளை, உணவுக்குழாய் ஆகிய இடங்களில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று அது சொல்கிறது. சிகரெட் ஒன்றில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலைதான் இருக்கும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு சிகரெட் பாக்கெட் அளவுக்கே இருக்கலாம். ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் கரையோரம் வயதான பெண்கள் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். அவர்களில் பலருக்கு மேலண்ணத்தில் புண்ணும் புற்றும் வந்ததை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதி வருகிறார்கள்.

நீ கேட்ட விலைக்கு என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழு இலையை வைத்துக் கையால் சுருட்டிய நல்ல வெளிநாட்டுச் சுருட்டு ஒன்று வாங்கும் காசில் உன் மலையில் ஓர் ஆளின் ஒரு நாள் கூலி அடங்கிவிடும். அதற்குக் கீழே வருவதில் பெரும்பாலானது நறுக்கிய துண்டும் தூளும் அடைத்த இயந்திரச் சரக்கு. சீக்கிரம் எரியும், சூடாக எரியும். மேல் சுற்றுகூடப் பல சமயம் இலை கிடையாது, தூளைக் கூழாக்கிக் காகிதம்போல் வார்த்தது. அந்தச் சூட்டை மறைக்கத்தான் வனிலா, செர்ரி, சாக்லேட் என்று வாசனை ஏற்றுகிறார்கள். புதிதாக வருகிறவனுக்கு லேசாகத் தெரிவதும் இந்த இனிப்புச் சரக்குதான். இருப்பதில் நான் அதிகம் வெறுப்பது இதைத்தான். உப்புத் தண்ணீரில் வளர்ந்த இலை நாக்கிலேயே தன் குறையைச் சொல்லிவிடும். இது சொல்லாது. பழக்கம் ஒட்டிக்கொண்ட பிறகே தெரியவரும்.

மலிவுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. மலையை விட்டு வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் பக்கம் இறங்கினால், வாசல் திண்ணைகளில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுவதைப் பார்ப்பாய். வடக்கே காடுகளில் பறித்த தெந்து இலையை ஊறவைத்து, கத்தரியால் அளவாக வெட்டி, தூளை நிரப்பி உருட்டி, நூலால் கட்டி, நுனியை நகத்தால் மடிப்பார்கள். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. தூள் மூக்கிலும் விரல் தோலிலும் ஏறுவதற்குக் கணக்கு கிடையாது. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று 1966இல் மத்திய அரசு ஒரு சட்டமே கொண்டுவந்தது. ஆனாலும் வேலை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடப்பதால் சட்டம் அந்தத் திண்ணைக்குப் போய்ச் சேர்வது கடினமாகவே இருந்தது. எங்கள் பக்கம் பச்சை இலை பறிக்கும் ஆட்களுக்கும் ஈரத்தோடு தொட்டால் தலைசுற்றும், வாந்தி வரும். தோல் வழியே நிகோட்டின் ஏறுவதுதான் காரணம். கடையில் நீ குறைத்துக் கொடுக்கும் காசு இவர்கள் கூலியில்தான் குறைகிறது.

இதையெல்லாம் படித்த பிறகும் நண்பர்கள் நீட்டி நீ வாங்கிவிட்டாய் என்று வை. வெறும் வயிற்றில் கூடாது. தலை கிறுகிறுத்து வேர்த்தால் அது குளிரோ பனியோ இல்லை, நிகோட்டின் மிஞ்சிவிட்டது. உடனே அணைத்துவிட்டு, காற்றோட்டமாக உட்கார்ந்து தண்ணீர் குடி. இன்னும் இரண்டு இழுத்தால் சரியாகும் என்பார்கள், கேட்காதே. காட்டுக்குள் எந்தக் காரணத்துக்கும் நெருப்பு வேண்டாம். மாசிக்குப் பிறகு ஜவ்வாது மலைச் சருகு ஒரு பொறிக்குக் காத்திருக்கும். தேனும் புளியும் எடுத்துப் பிழைக்கிற ஜனங்களின் காடு அது.

குளிருக்கு வழி கேட்டால் சொல்ல எனக்கு ஆயிரம் உண்டு. அங்கேயே கிடைக்கிற சாமையைக் கஞ்சியாகக் காய்ச்சி, சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் குடி. உன் தங்குமிடத்துக் கூரை இடுக்கையும் முதலில் அடை. பேசிக்கொண்டிருக்கச் சுருட்டு எதற்கு? காவலூர் வானாய்வகம் அதே மலையில்தான் இருக்கிறது. வானியலாளர் வைனு பாப்பு அந்த மலையைத் தேர்ந்தெடுத்தது இரவு வானம் தெளிவாக இருந்ததற்காக. நண்பர்களை அங்கே கூட்டிப் போ.

கடைசியாக, வாத்தியார் என்பதற்காக ஒரு வேலை. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் எதுவும் விற்கக் கூடாது, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எங்கேயும் விற்கக் கூடாது. அந்த எல்லையைக் காட்ட மஞ்சள் கோடு போட வேண்டும் என்று பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் இருக்கிறது. உன் பள்ளி வாசலில் கோடு இருக்கிறதா, அதற்கு உள்ளே எத்தனை பெட்டிக்கடையில் புகையிலைச் சரம் தொங்குகிறது என்று பார்த்து, தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டு எனக்கு எழுது. பொங்கலுக்கு வரும்போது பஸ் டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுக்கொள், திருவண்ணாமலையிலிருந்து கூட்டம் இருக்கும்.

அன்புடன்,
மாமா
வேடசந்தூர்