சொந்த வேகத்தில் கணினிப் பட்டம்: இணையவழிப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே தகவல் தொழில்நுட்பத்திலோ கணினி அறிவியலிலோ பட்டம் பெற விரும்புவோருக்காக, வகுப்பு நேரமோ வாராந்தரக் கெடுவோ வைக்காமல் மாணவர் தம் வேகத்தில் படித்து முடிக்க இடந்தரும் இணையவழிப் பல்கலைக்கழகங்கள் சில இயங்குகின்றன. அவற்றுள் பெரியது, 19 மாநில ஆளுநர்கள் சேர்ந்து 1997-இல் நிறுவிய, யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட, இலாப நோக்கமற்ற வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம். இவ்வகைக் கல்வியைப் பற்றிய பேச்சில் ஓராண்டுக்குள் பட்டத்தை முடித்தவரே முன்னால் நிற்கிறார். தேர்ந்தெடுப்பவர் விசாரித்து அறிய வேண்டியதோ, அங்கே மெதுவாகப் படிப்பவருக்கு என்ன ஆகிறது என்பதை.

முதலில் அங்கீகாரத்தைச் சரிபார்க்க வேண்டும். அமெரிக்காவில் அரசு நேரடியாகப் பல்கலைக்கழகங்களுக்குத் தரச்சான்று வழங்குவதில்லை. மத்தியக் கல்வித்துறையின் ஏற்பைப் பெற்ற தனி அமைப்புகளே அப்பணியைச் செய்கின்றன, எந்த நிறுவனம் எந்த அமைப்பிடம் சான்று பெற்றிருக்கிறது என்பதைக் கல்வித்துறையின் இணையத் தரவுத்தளத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். வட்டார அமைப்பு, தேசிய அமைப்பு என்ற பாகுபாட்டை அத்துறை 2020-இல் தன் விதிகளிலிருந்து நீக்கிவிட்டது; ஆயினும் முதுநிலைச் சேர்க்கையின்போது பல கல்லூரிகள் பழைய வட்டார அமைப்புகளின் சான்றையே இன்றும் எதிர்பார்ப்பதால், அத்தகைய சான்றுள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது. நிறுவனத்துக்கன்றிக் குறிப்பிட்ட ஒரு படிப்புக்கு ஏபெட் என்னும் அமைப்பு தனியே சான்று அளிக்கிறது. அது இருந்தால் நல்லது, மென்பொருள் வேலைகளுக்கு அதைக் கட்டாயமாகக் கேட்பவர் குறைவு.

சான்று இருந்தாலும் ஆசிரியரின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. மாணவரோடு ஆசிரியர் முறையாகவும் போதிய அளவிலும் தொடர்புகொள்ளவில்லை என்று கூறி, வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் 71 கோடி டாலருக்கும் மேற்பட்ட கல்வி உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டும் எனக் கல்வித்துறையின் தணிக்கைப் பிரிவு 2017-இல் பரிந்துரைத்ததும், 2019-இல் அத்துறையே அப்பரிந்துரையை ஏற்க மறுத்ததும் இக்கேள்வி எளிதில் தீர்வதன்று என்பதைக் காட்டுகின்றன. ஆகவே, ஒரு பாடத்தில் தடுமாறும் மாணவர் யாரை அணுகலாம், எத்தனை நாளில் பதில் வரும் என்பதைச் சேர்க்கை அலுவலரிடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது நலம்.

அடுத்து, 'சொந்த வேகம்' என்பதன் வரம்பை அறிய வேண்டும். வெஸ்டர்ன் கவர்னர்ஸில் ஆறு மாதப் பருவத்துக்கு ஒரே கட்டணம். எடுத்துக்கொண்ட பாடங்களை முன்கூட்டியே முடித்தவர் மேலும் பாடங்களைக் கூடுதல் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். கேப்பெல்லா பல்கலைக்கழகத்தின் ஃபிளெக்ஸ்பாத் முறையில் 12 வாரத்துக்கு ஒரு கட்டணம். ஒரே சமயத்தில் இரண்டு பாடங்களுக்கு மேல் எடுக்க முடியாது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பு இணையவழியில் நடந்தாலும், வாராந்தரப் பணிகளும் மையத்தில் நேரில் எழுதும் தேர்வுகளும் கொண்டிருப்பதால் இவ்வகையில் அடங்காது.

பருவக் கட்டணம் வேகத்தையே விலையாக மாற்றிவிடுவதால், பென்சிலும் தாளும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் யாரும் பணம் கட்டக் கூடாது. படிப்பின் அளவைக் குறிக்கும் அலகான கிரெடிட், அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 தேவை. முன்பு வேறு கல்லூரியில் பெற்றவற்றைக் கழித்தபின் ஒருவருக்கு 60 எஞ்சியிருப்பதாகவும், பருவக் கட்டணம் 4,000 டாலர் என்றும் வைத்துக்கொண்டால், பருவத்துக்கு 20 முடிப்பவர் மூன்று பருவங்களில் 12,000 டாலரோடு பட்டம் பெறுவார். வெஸ்டர்ன் கவர்னர்ஸ் முழுநேர இளநிலை மாணவருக்கு விதிக்கும் குறைந்தபட்ச அளவாகிய 12 மட்டும் முடிப்பவருக்கு ஐந்து பருவங்களும் 20,000 டாலரும் ஆகும். அந்தக் குறைந்தபட்சத்தையும் எட்டாதவரின் கல்வி உதவித்தொகை ஆபத்துக்குள்ளாகும் என்பதால், குழந்தைப் பேறு, பணிமாற்றம், நோய் முதலிய காரணங்களால் படிப்பு நின்றுபோகக்கூடிய மாதங்களுக்கு விடுப்பு உண்டா என்பதையும் இக்கட்டத்திலேயே கேட்டறிய வேண்டும்.

ஒருவர் தம் வேகத்தைச் சேருமுன்னரே அளந்து பார்க்க வழி உண்டு. சோஃபியா, ஸ்டடி டாட் காம் போன்ற மாதச் சந்தாத் தளங்களில் பல பாடங்களுக்கு, அவற்றைக் கல்லூரிக் கிரெடிட்டாக ஏற்கலாம் என்ற அமெரிக்கக் கல்விக் குழுவின் பரிந்துரை உண்டு. பரிந்துரை கட்டளை அன்று. எனவே விரும்பிய பல்கலைக்கழகம் எதை எதை ஏற்கிறது என்ற பட்டியலை முதலில் பெற்று, அதிலுள்ள பொதுப்பாடம் ஒன்றை வேலைநாள் இரவுகளில் படித்து முடித்து, ஆன வாரங்களைக் குறித்துக்கொண்டால், மேற்கண்ட கணக்கில் ஊகத்துக்கு மாறாக உண்மையான எண்ணை இடலாம். பழைய கிரெடிட்டுகளைச் சேர்க்கைக்கு முன்பே ஒப்படைப்பது முக்கியம். முதல் பருவம் தொடங்கியபின் ஏற்காத நிறுவனங்கள் உண்டு, கணினிப் பாடங்களுக்குக் காலவரம்பு வைப்பவையும் உண்டு.

தேர்வு முறையும் ஆராயத்தக்கது. திறனடிப்படைக் கல்வி எனப்படும் இம்முறையில், படித்த நேரம் கணக்கில் வராது. வெப்கேம் வழியே கண்காணிக்கப்படும் தேர்வும், மதிப்பீட்டாளரிடம் சமர்ப்பிக்கும் செயல்திட்டமுமே முடிவைத் தீர்மானிக்கின்றன. வெஸ்டர்ன் கவர்னர்ஸ் தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்று மட்டுமே பதிவு செய்து, தேர்ச்சியை 3.0 தரப்புள்ளிக்கு இணையாகக் கொள்வதால், உயர் தரப்புள்ளி கேட்கும் முதுநிலைப் படிப்பை நாடுவோர் அங்கே முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். அதன் தகவல் தொழில்நுட்பப் படிப்புகளில் காம்ப்டியா போன்ற தொழிற்சான்றிதழ்த் தேர்வுகளும் அடங்கும். காம்ப்டியா ஏ பிளஸ் மூன்றாண்டுக்கே செல்லும் என்பதால், பட்டத்துக்கு ஐந்தாண்டு எடுப்பவர் முதல் பருவத்தில் பெற்ற சான்றைப் பட்டம் கிடைக்கும் முன்பே புதுப்பிக்க நேரும்.

வெளிநாட்டவர் ஒன்றை மறக்கக் கூடாது: எஃப்-1 மாணவர் விசாவுக்குரிய முழுநேரப் படிப்பில், ஒரு பருவத்துக்கு ஓர் இணையவழிப் பாடமோ மூன்று கிரெடிட்டோ மட்டுமே கணக்கில் சேரும் என்பதால், முழுதும் இணையவழியில் நடக்கும் பட்டத்தைக் கொண்டு அவ்விசாவைப் பெற முடியாது. அப்பட்டத்தோடு இந்தியாவில் அரசுப் பணியோ மேற்படிப்போ நாடும் எண்ணமுள்ளவர், முதல் பருவக் கட்டணத்தைச் செலுத்துமுன் பல்கலைக்கழக மானியக் குழுவின் இணைத்தகுதி விதிகளைப் படித்துவிட வேண்டும்.