மூளை இல்லை என்று எழுதிய மகளுக்கு

பதுளை

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. தவணைப் பெறுபேறு பற்றி நீ பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் அதில் இரண்டு வரிகளுக்கு மட்டும் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பசறையில் இருந்தவரை கெட்டிக்காரி, பதுளைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூளை இல்லை என்று விளங்கியது என்பது ஒரு வரி. அம்மா மாதிரி மலையில் கொழுந்து எடுக்கத்தான் நான் லாயக்கு, அதற்கு மூளை வேண்டியதில்லை என்பது மற்றது. முதல் வரியில் உனக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டாய், இரண்டாவதில் உன் அம்மாவுக்கு. இரண்டு தீர்ப்புமே பிழை. எந்த அளவுகோலால் உன்னைக் குறைத்துக்கொண்டாயோ, அதே அளவுகோலால்தான் அவளையும் குறைத்திருக்கிறாய். அந்த அளவுகோல் எங்கிருந்து உன் கைக்கு வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை.

முதலில் உன் சங்கதி. ஒருவர் தன் அறிவைத் தானே எடை போட்டால் எவ்வளவு சரியாக வரும் என்பதை உளவியல்காரர்கள் நெடுங்காலமாகச் சோதித்து வருகிறார்கள். முழுப் பொருத்தம் என்றால் 1 வரவேண்டிய இடத்தில், தன்மதிப்பீட்டுக்கும் சோதனைப் புள்ளிக்கும் உள்ள தொடர்பு 0.3 அளவில்தான் வருகிறது. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நூற்றுக்கு 65 பேர் தாங்கள் சராசரியைவிடப் புத்திசாலிகள் என்றார்கள். 1999இல் ஜஸ்டின் குரூகரும் டேவிட் டன்னிங்கும் மாணவர்களைச் சோதித்தபோது, நூறு பேரில் கீழிருந்து 12ஆம் இடத்தில் நின்றவர்கள் தங்களை 62ஆம் இடத்தில் வைத்துக்கொண்டார்கள். நன்றாகச் செய்தவர்களோ தங்களைக் கொஞ்சம் குறைத்தே சொன்னார்கள். இதில் ஒரு பங்கு வெறும் புள்ளிவிபர விளையாட்டு என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் நமக்கு நாமே போடும் புள்ளியை நம்பி வாழ்க்கையை முடிவு செய்யக்கூடாது என்ற அளவுக்கு இந்தச் சான்றுகள் போதும். ஏட்ரியன் ஃபர்ன்ஹாம் என்பவர் பல நாடுகளில் கேட்டுப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது: ஆண்கள் தங்கள் அறிவைப் பெண்களைவிடக் கூட்டிச் சொல்கிறார்கள், பெற்றோரும் மகனுக்கு மகளைவிடக் கூடப் போடுகிறார்கள். சோதனைகள் அப்படி ஒரு பொது வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஆக, 'எனக்கு மூளை குறைவு' என்று ஒரு பெண்பிள்ளை எழுதும்போது அந்த வரியில் பாதி அவள் கேட்டு வளர்ந்த பேச்சாக இருக்கலாம்.

மீதிப் பாதிக்கும் விளக்கம் இருக்கிறது. ஹெர்பர்ட் மார்ஷ் என்ற ஆய்வாளர் 1980களில் கண்டது இது: ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர் நிறைந்த பாடசாலையில் படிக்கிறவர் தன்னை மட்டமாகவும், சாதாரணப் பாடசாலையில் படிக்கிறவர் தன்னை உயர்வாகவும் நினைக்கிறார். பிறகு பல நாடுகளில் சோதித்தபோதும் அதுவே வந்தது. பசறையிலிருந்து பதுளைக்கு பஸ் ஏறியதில் உன் தலைக்குள் எதுவும் குறைந்துவிடவில்லை. பக்கத்து வாங்கில் உட்காரும் ஆள் மாறிவிட்டார், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை தரம் எட்டிலிருந்தே டியூஷன் போயிருக்கிறாள், வீட்டில் இரசாயனவியல் சொல்லித்தர ஆள் இருக்கிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழில் நடத்தும் பாடசாலைகளை இந்த மாவட்டத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். நீ அவளைவிடப் பின்னால் நிற்கிறாய் என்பது உண்மை, அதை மறைத்து உனக்கு ஆறுதல் சொல்லப் போவதில்லை. பின்னால் நிற்பது ஒரு செய்தி, மூளை இல்லை என்பது ஒரு முடிவு. அந்தச் செய்தியிலிருந்து இந்த முடிவுக்குப் போக வழியே கிடையாது.

இனி அம்மா. மட்டக்கம்பைச் செடிமேல் வைத்து நிரையில் நிற்கிறவளின் கை என்ன செய்கிறது என்று ஒருநாள் பக்கத்தில் நின்று பார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் வரவேண்டும். மொட்டுத் தூங்கிப்போன தளிர் முற்றியிருந்தால் ஒடித்து எறிய வேண்டும். இன்னும் விரியாத அரும்பை ஏழெட்டு நாள் கழித்து வரும் அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்க வேண்டும். மட்டத்துக்குக் கீழே கை போனால் செடி கெடும், மேலே நின்றால் எடை குறையும். இத்தனையும் பார்த்து முடிவெடுத்துவிட்டுத்தான் விரல் அசைகிறது, அதுவும் இரண்டு கையிலும், சரிவில் கால் ஊன்றிக்கொண்டு. நிறுவையில் தண்ணீருக்கும் கூடைக்கும் என்று எவ்வளவு கழித்தார்கள், இன்றைக்கு முழு நாள் கூலிக்கான முழுப் பேர் விழுமா அரைப் பேரா என்பதைக் கணக்கப்பிள்ளை எழுதி முடிக்கும் முன்னே மனசில் போட்டுவிடுகிறவர்கள் இவர்கள். ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், போனாலும் இதே கதை. ஆடி, ஆவணியில் மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டுக் காய்ந்து வரும் கச்சான் காற்று அடிக்கும்போதுதான் ஊவாத் தேயிலைக்கு அந்தப் பெயர்பெற்ற வாசம் வருகிறது. உளுக்குக்குப் பூசும் தைலத்தில் இருக்கிற மெத்தில் சாலிசிலேட் அந்தப் பருவத்துத் தேயிலையில் கூடுதல். நீ அதன் கட்டமைப்பைக் கொப்பியில் வரைந்துவிடுவாய். நொதிக்க விட்ட இலையைக் கையில் அள்ளி மோந்து, போதும், அடுப்புக்கு ஏற்று என்று சொல்லும் டீமேக்கருக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் சில நிமிடம் தவறினால் வாசம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும், உனக்குத் தெரியாது.

இதை ஏன் யாரும் அறிவு என்று சொல்லவில்லை? 'பொம்பளைக் கைக்கு அது தானா வரும்' என்பார்கள். கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும். தானாக வருவதற்குப் பயிற்சி வேண்டாம், பயிற்சி வேண்டாததற்குக் கூலியும் கூடத் தரவேண்டாம் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரிகள் என்று புகழப்பட்ட பெண்களுக்கு ஆண்களோடு சமமான நாள் சம்பளம் 1984இல்தான் கிடைத்தது. பழக்கத்தால் வந்த அறிவை இயற்கையின் கொடை ஆக்கிவிட்டால் யாருக்கு லாபம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நீயும் அறியாமல் அதே கணக்கைத்தான் எழுதியிருக்கிறாய்.

நீ ஒரு கேள்வி கேட்பாய்: சரி, அம்மாவுக்கு அது ஒருவகை அறிவு, எனக்கு இது ஒருவகை அறிவு, ஆளுக்கு ஒன்று என்று சமாதானமாகிவிடலாமா? ஹாவர்ட் கார்ட்னர் 1983இல் அப்படித்தான் எழுதினார். மொழி அறிவு, கணித அறிவு, இசை அறிவு, உடல் அறிவு என்று ஏழு வகை பிரித்தார், பிறகு இயற்கையை அறியும் அறிவு என்று எட்டாவதையும் சேர்த்தார். ஆசிரியர் பயிற்சிகளில் இன்றும் இதை விரும்பிச் சொல்கிறார்கள். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஒருவகைச் சோதனையில் நன்றாகச் செய்கிறவர் பெரும்பாலும் மற்றவகையிலும் ஓரளவு நன்றாகவே செய்கிறார் என்பதை ஸ்பியர்மன் 1904லேயே காட்டினார். தனித்தனியான எட்டுப் பெட்டிகள் மூளைக்குள் இருப்பதற்கு வலுவான சான்று இதுவரை வரவில்லை. அதைவிட, நம் ஆட்களுக்கு இந்தப் பெட்டிப் பேச்சில் ஓர் ஆபத்து இருக்கிறது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறு வயது முதல் பத்து வயதுவரை தாய்மொழியில் படிப்புக் கொடுக்கத் துரைமார் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. பத்து வயதுக்குப் பிறகு? மலைதான். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1977இல்தான். 'இவர்களுக்குக் கை அறிவு, அது போதும்' என்பது அந்த எழுபது வருடமும் சட்டம் போட்டவர்களுக்கு வசதியான தத்துவமாக இருந்தது. அதே தத்துவம் இன்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தால் நாம் வாசலிலேயே நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

அப்படியானால் எதை நம்புவது? பிரேசிலின் ரெசிஃபே நகரச் சந்தையில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1985இல் வெளிவந்தது. நூனெஸ், கராஹர், ஷ்லீமன் என்ற மூவர், தெருவில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். தேங்காய் ஒன்று 35, பத்து எவ்வளவு? பையன் மூன்று மூன்றாகக் கூட்டி 350 என்று சரியாகச் சொன்னான். 35க்குப் பின்னால் ஒரு பூச்சியம் போட்டால் முடிந்தது என்ற பாடசாலை வழியை அவன் எடுக்கவில்லை. சந்தையில் அந்தப் பிள்ளைகள் 98 சதவீதம் சரி. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. கென்யாவில் ஸ்டெர்ன்பெர்க் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளிடம் பச்சிலை மருத்துவ அறிவைச் சோதித்தார்கள், 2001இல் வெளியிட்டார்கள். அதில் கூடப் புள்ளி எடுத்த பிள்ளைகள் பாடசாலை ஆங்கிலச் சொல்லறிவில் குறைவாக எடுத்தார்கள். எந்த அறிவு வாழ்க்கைக்கு உதவும் என்று குடும்பம் நினைத்ததோ, பிள்ளையின் நேரம் அந்தப் பக்கம் போயிருந்தது.

இந்த ஆய்வுகளைச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா தெருப் பிள்ளைகள் மேதைகள் என்று முடிப்பவர்கள் உண்டு. நான் அந்த 37ஐயும் பார்க்கிறேன். சந்தையில் இருந்த அறிவு தாளுக்குத் தானாக வந்து சேரவில்லை, யாராவது பாதை போட வேண்டியிருந்தது. நம் தெமோதரை ரயில் வளைவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். நாற்பத்துநாலு அடிக்கு ஓர் அடிக்குமேல் பாதை ஏறக்கூடாது என்பது அன்றைய ரயில்வே விதி, மலையோ விடவில்லை. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைப் பார்த்துத்தான் பொறியாளருக்கு, பாதையை ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுருட்டிக் கொண்டுபோகும் யோசனை வந்ததாம். கதைதான், அத்தாட்சி கிடையாது. கதையிலும் பொறியாளர் விமலசுரேந்திராவுக்குப் பெயர் இருக்கிறது, கங்காணிக்கு இல்லை. அது எனக்கு வருத்தம். ஆனால் தலைப்பாகையை வைத்து மட்டும் சுரங்கம் தோண்டியிருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். வளைவின் ஆரத்தையும் சரிவையும் தாளில் போட ஒருவர் வேண்டும். இரண்டும் ஒரே தலைக்குள் இருக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

கடைசியாக, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்கு இந்த நியாயமெல்லாம் தெரியுமா என்று கேட்பாய். தெரியாது. பரீட்சை எழுதத்தான் வேண்டும், நன்றாக எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்பதில் அரசுக்கே உன் அளவு நிச்சயம் இல்லை என்பதைக் கவனி. பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் நாடு முழுவதற்கும் பொதுத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். அந்தப் பின்தங்கிய பட்டியலில் பதுளை இருக்கிறது. ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் எடுத்த புள்ளியும் கொழும்பில் எடுத்த புள்ளியும் ஒரே உழைப்பைச் சொல்லாது என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. அப்படிப் போகிறவர்கள் தயவில் போகிறவர்கள் என்று உன் வகுப்பில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. அறிவுச் சோதனையை முதலில் செய்த பிரான்ஸ்காரர் பினே, 1905இல், எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார். அறிவு மாறாத ஓர் அளவு என்று சொன்னவர்களை அவரே கண்டித்து எழுதினார். உதவி தேட வந்த அளவுகோலைத் தீர்ப்புச் சொல்லும் கோலாக மாற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

ஆகவே எனக்கு மூளை இருக்கிறதா என்ற கேள்வியை விட்டுவிடு. அதற்கு நீயோ நானோ சரியான பதில் சொல்ல முடியாது என்பதைத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன். எந்தக் கணக்கில் எந்தப் படியில் தடுக்குகிறது என்ற கேள்விக்குப் பதில் உண்டு. கடந்தகால வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுது. புள்ளித்திட்டத்தைத் திறக்கும் முன், ஒவ்வொரு வினாவுக்கும் எத்தனை புள்ளி வரும் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிவை. பிறகு திருத்து. சரி என்று நம்பிப் பிழைத்த இடங்களும், பிழை என்று பயந்து சரியாக வந்த இடங்களும் தனித்தனியாகத் தெரியும். முதல் வகைக்குப் பாடம் படிக்க வேண்டும். இரண்டாவது வகை அதிகமாக இருக்கும் என்பது என் ஊகம், அதற்கு நீ உன்னைத் திட்டுவதை நிறுத்தினால் போதும்.

லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது அம்மாவிடமும் ஒரு வேலை இருக்கிறது. இந்தச் செடியை எடுத்தாய், அந்தச் செடியை ஏன் விட்டாய் என்று கேள். 'பாத்தாத் தெரியும்' என்பாள். அதோடு விடாதே, எதைப் பார்த்தாய், இலையின் நிறத்தையா, கணு நீளத்தையா, போன சுற்றில் யார் எடுத்தது என்பதையா என்று துருவிக் கேட்டு எழுது. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, பதுளையிலேயே. அங்கே போனாலும் போகாவிட்டாலும், அந்தக் குறிப்பு உன்னிடம் இருக்கட்டும்.

அடுத்த கடிதத்தில் இரசாயனவியல் தாளில் நீ பென்சிலால் போட்ட புள்ளியையும், திருத்திய பிறகு வந்த புள்ளியையும் அப்படியே அனுப்பு. பௌதிகவியல் வினாத்தாள் புத்தகம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, இந்தக் கிழமை வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா