காலில் இறகுடைய கோழிகளைப் பேணும் முறை

கோழி ஜாதிகளுள் சிலவற்றிற்குச் செதிற்காலின் வெளிப்புறத்திலும் விரல்களின் மேலும் இறகு முளைத்திருக்கும். பிரம்மா, கொச்சின், லாங்ஷான் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இவ்விறகு காண்போர் கண்ணைக் கவரும். பறவையின் விலையையும் உயர்த்தும். ஆயினும் ஈரமும் அசுத்தமும் தங்குவதற்கும், கால் வியாதி வெளித்தெரியாமல் மறைந்திருப்பதற்கும் இதுவே இடமாகின்றது. ஆகையால் இக்கோழிகளை வாங்க விரும்புவோர் இவற்றின் காலைப் பேணும் முறையை முன்னதாகவே அறிந்துகொள்ளல் அவசியம்.

ஜாதிகளின் வரலாறு

இவற்றின் மூதாதைகள் சீன தேசத்தைச் சார்ந்தவை. கொச்சின் என்னும் பெயர் மலையாளக் கரையிலுள்ள கொச்சியைக் குறித்ததன்று. வியட்நாமின் தென்பகுதிக்கு ஐரோப்பியர் வழங்கிய கொச்சின் சீனா என்ற பெயரினின்று வந்தது. பிரம்மா ஜாதி சீனத்திலிருந்து சென்ற பெருங்கோழிகளைக் கொண்டு அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. அதன் பெயர் பிரம்மபுத்திரா நதியைத் தழுவியது. 1852-ம் வருஷத்தில் அமெரிக்கர் ஒருவர் விக்டோரியா மகாராணிக்கு இக்கோழிகளை அனுப்பிய பின் இங்கிலாந்தில் இவற்றின் புகழ் பரவிற்று. லாங்ஷான் 1872-ல் சீனத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டது.

பிரம்மா சேவல் சுமார் 12 ராத்தலும், பெட்டை சுமார் 9½ ராத்தலும் நிறையுடையவை. கொண்டையைக் கொண்டு பிரம்மாவையும் கொச்சினையும் எளிதில் பிரித்தறியலாம்: பிரம்மாவுக்கு மூன்று தாழ்ந்த வரிசைகளாலான கொண்டை; கொச்சினுக்கு ஒற்றைக் கொண்டை. இவை மெதுவாக வளர்பவை. தீனியும் அதிகம் வேண்டும். முட்டை வியாபாரத்தையே கருதுவோருக்கு இவை ஏற்றவையல்ல.

கொட்டிலும் தரையும்

அடர்ந்த இறகு குளிரைத் தாங்க உதவும். வெயிலில் அதுவே துன்பமாகும். ஆகையால் கோடையில் நல்ல நிழலும், காற்றோட்டமும், எந்நேரமும் குளிர்ந்த நீரும் வேண்டும்.

மழைக்காலத்திலேயே கவனம் மிகவும் தேவை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சேற்றில் நடக்கும் கோழியின் கால் இறகில் சேறும் எச்சமும் பற்றி உருண்டைகளாகக் காயும். அவற்றின் கீழுள்ள தோல் புண்ணாகும். விரல் நகமும் பெயரக்கூடும். இதைத் தடுக்கக் கொட்டிலின் தரையைச் சுற்றுப்புறத்தைவிட உயர்த்தி அமைத்து, அதன்மேல் நெல் உமியை 4 அங்குல கனத்திற்குப் பரப்புதல் நன்று. நனைந்த உமியை அன்றன்றே அகற்ற வேண்டும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சரளையிட்டால் சேறு உண்டாகாது. பெய்யும் மழையிலும், பனி காயாத புல்லிலும் கோழிகளை வெளியே விடலாகாது.

உடல் கனத்த இக்கோழிகள் உயரத்திலிருந்து குதித்தால் உள்ளங்கால் காயமுற்றுச் சீழ்க்கட்டி உண்டாகும். எனவே இவை இரவில் தங்கும் கழி தரையிலிருந்து 1½ அடிக்கு மேற்படாமலும், அகன்று ஓரம் மழுங்கியதாயும் இருத்தல் வேண்டும்.

செதிற்கால் வியாதி

கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகை உண்ணிப் பூச்சி கால் செதில்களின் கீழ் துளைத்துப் புகுந்து வாழ்கின்றது. செதில்கள் மேலெழும்பிச் சுண்ணாம்பு படிந்தாற்போல் வெளுத்துத் தடிக்கும். வியாதி முற்றினால் கோழி நொண்டும், விரல்களையும் இழக்கும். இது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும். அடைக்கோழியிடமிருந்து குஞ்சுகளுக்கும் பரவும். இறகில்லாத நாட்டுக் கோழியில் இதைத் தூரத்திலிருந்தே காணலாம். இறகுடைய காலிலோ விலக்கிப் பார்த்தாலன்றித் தெரியாது. வாரம் ஒருமுறை, கோழிகள் அடைந்த பின் விளக்கொளியில் ஒவ்வொன்றின் காலையும் பார்வையிடுதல் நல்ல வழக்கம்.

வியாதி கண்ட கோழியைப் பிரித்து வைத்து, காலை இளஞ்சூடான சோப்பு நீரில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் தேய்த்து, நன்றாகத் துவட்டவேண்டும். பின்பு தேங்காயெண்ணெயையோ வாஸலினையோ செதில்களின் இடுக்கில் புகும்படி தடவினால் பூச்சிகள் மூச்சடைத்து மடியும். வாரம் ஒருமுறையாவது இவ்விதம் பல வாரங்கள் செய்தல் அவசியம். செதிலைப் பிய்த்தெடுத்தல் கூடாது. மண்ணெண்ணெய் தோலை வேகச் செய்யுமாதலால் அதையும் விலக்க வேண்டும். கழிகளையும் கூடவே சுத்தம் செய்யாவிடில் வியாதி திரும்பும். தணியாதபோது கால்நடை மருத்துவரை அடுத்து, அவர் சொல்லும் மருந்தையே உபயோகிக்கவேண்டும். அம்மருந்து தந்தபின் எத்தனை நாள் முட்டையை உண்ணலாகாது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

இளம் இறகின் தண்டில் இரத்தம் ஓடும். அது ஒடிந்தால் இரத்தம் கசிய, மற்றக் கோழிகள் கண்டு கொத்தும். அக்கோழியை உடனே தனியே வைத்து, காயத்தை அழுத்தி இரத்தத்தை நிறுத்தவேண்டும்.

இனப்பெருக்கம்

முட்டை கருக்கூடாதிருப்பின், சேவல் பெட்டை இரண்டிற்கும் எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள அடர்ந்த இறகைக் கத்தரித்தல் பயன்தரும். நாட்டுப் பெட்டையுடன் இச்சேவல் சேர்ந்தால் குஞ்சுகளின் காலிலும் பெரும்பாலும் ஓரளவு இறகு தோன்றும். ஊர்க் கோழிகளில் இக்குணம் கலப்பதை விரும்பாதவர் சேவலை அடைத்தே வளர்க்கவேண்டும்.

வாங்கும்போது

விலை பேசுமுன் இறகை விலக்கிச் செதிலைத் தடவிப் பார்க்கவேண்டும். வழவழப்பாகப் படிந்திருந்தால் நன்று, சொரசொரப்பாயின் வாங்கலாகாது. வாங்கியதை ஒரு மாதம் தனியே வைத்து, குறையில்லை என்று தெளிந்த பின்னரே பிறவற்றுடன் சேர்க்கவேண்டும். ஒரு கோழியின் காலில் மறைந்துவந்த பூச்சி ஊரிலுள்ள எல்லாக் கோழிகளுக்கும் பரவக்கூடுமாதலால், இவ்விஷயத்தைக் கிராம அதிகாரிகளும் குடிகளுக்கு எடுத்துரைத்தல் நலம். உலர்ந்த தரையும் வாரந்தோறும் பார்வையும் அமைக்க இயலாதவர் இறகில்லாக் கால் ஜாதிகளை வளர்ப்பதே இலாபகரமானது.