சோவியத் மக்கள் நலம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

‘சோவியத் நாடு’ இதழின் வண்ணப் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. அத்தனையும் பொய் என்று தள்ளுவோரும் உண்டு. இரு தரப்பும் கேட்கத் தவறும் கேள்வி: சோவியத் அரசு அறிவித்த சலுகைகள் யாருக்கு, எப்போது போய்ச் சேர்ந்தன?

நம்பிக்கை: கல்வி எப்போதும் இலவசமாகவே இருந்தது.

உண்மை: எழுத்தறிவில் நடந்தது பெரும் சாதனை. 1897 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மூவரில் ஒருவர்கூட இல்லை. 1939இல் 9 முதல் 49 வயது வரையுள்ளோரில் 87 சதவீதம் பேர் படித்திருந்தார்கள். ஆனால் 1940இல் ஸ்டாலின் அரசு பள்ளியின் மேல் வகுப்புகளுக்கும் உயர்கல்விக்கும் கட்டணம் விதித்தது. 1956இல்தான் அது ரத்தானது.

நம்பிக்கை: ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசு தனி வீடு கொடுத்தது.

உண்மை: வாடகை மிகக் குறைவு, வீடு கிடைப்பதுதான் அரிது. நகரங்களில் ஏராளமானோர் ‘கொம்முனால்கா’ என்ற கூட்டுக் குடியிருப்பில் காலம் தள்ளினர். குடும்பத்துக்கு ஓர் அறை. குளியலறையும் கழிவறையும் பொது. ஒரே சமையலறைக்குள் வீட்டுக்கொரு மேசை. வாசல் மணி இருமுறை ஒலித்தால் ஒரு வீட்டாருக்கு விருந்தாளி, மும்முறை ஒலித்தால் அடுத்த வீட்டாருக்கு. 1957இல் குருஷேவ் ஆட்சி தொடங்கிய திட்டத்தில் ஐந்து தளக் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. லிஃப்ட் கிடையாது, அறைகள் சிறியவை. ஆனாலும் கோடிக்கணக்கானோர் முதன்முறையாகத் தங்கள் அடுப்படியில் தாங்களே சமைத்தார்கள். மற்றவர்கள் பல ஆண்டுகள் காத்திருப்போர் பட்டியலிலேயே கிடந்தார்கள்.

நம்பிக்கை: முதுமையில் எல்லோருக்கும் ஓய்வூதியம் இருந்தது.

உண்மை: 1956 ஓய்வூதியச் சட்டம் தொழிலாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் உரியது. நாட்டுக்கே சோறு போட்ட கூட்டுப்பண்ணை விவசாயிகள் அதில் இல்லை. அவர்களுக்கான சட்டம் 1964இல்தான் வந்தது. நகரத் தொழிலாளிக்குக் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 30 ரூபிள், இவர்களுக்கு 12. நகரத்துக்குக் குடிபெயரலாம் என்றால் அதற்கும் தடை. நகரத்தில் குடியேறத் தேவையான, 1932இல் அறிமுகமான உள்நாட்டு பாஸ்போர்ட் பெரும்பாலான பண்ணை விவசாயிகளுக்குத் தரப்படவில்லை. 1974 ஆணைதான் அந்த உரிமையை வழங்கியது.

நம்பிக்கை: இலவச மருத்துவம் வெறும் விளம்பரம்.

உண்மை: 1918இல் செமாஷ்கோ தலைமையில் தொடங்கிய பொது மருத்துவ அமைப்பு வட்டாரத்துக்கொரு மருத்துவரையும் தடுப்பூசியையும் மக்களிடம் கொண்டுசென்றது, தொற்றுநோய்ச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் 1960களின் நடுப்பகுதிக்குப் பின் ஆண்களின் சராசரி ஆயுள் சரியத் தொடங்கியது. 1970களில் குழந்தை இறப்பு விகிதம் உயர்ந்தபோது, அந்தப் புள்ளிவிவரத்தை வெளியிடுவதையே அரசு நிறுத்திவிட்டது.

குறையை எண்ணிப் பார்க்கவும் உரக்கக் கேட்கவும் குடிமக்களுக்கு வழியில்லாத நாட்டில், நல்ல திட்டமும் கடைசி மனிதரிடம் தாமதமாகவே போகும். சோவியத் அனுபவத்தை மெச்சுவோரும் பழிப்போரும் முதலில் அந்தக் கூட்டுப்பண்ணைக் கிராமங்களின் கணக்கைப் பார்க்க வேண்டும்.