ஓர் ஆள் கூடுதலாக இருந்தும் கோல் வாங்குவது ஏன்?
(இளம் ஹாக்கி வீரர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு பாடம்)

மைசூரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் பதினைந்து பிள்ளைகளுக்கு நான் ஹாக்கி சொல்லித் தருகிறேன். எல்லோரும் பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள். பெரும்பாலோர் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். குடகிலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

அண்மையில் ஓர் ஆட்டம். இரு பக்கமும் கோல் இல்லை. எதிரணிப் பையன் ஒருவனுக்கு நடுவர் பச்சை அட்டை காட்டி இரண்டு நிமிடம் வெளியே உட்கார வைத்தார். நாங்கள் பதினொரு பேர், அவர்கள் பத்துப் பேர். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது. விழுந்தது எங்கள் பக்கத்தில்!

எங்கள் நடுக்களப் பையன் பந்தை நிறுத்தத் தவறினான். அவர்கள் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. "இனிமேல் ஆட மாட்டேன் என்கிறான், சார்" என்று அவன் தந்தை தொலைபேசியில் சொன்னார். அந்தப் பையனுக்காகவும், அவனைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்காகவும் இந்தக் கட்டுரை.

பத்துப் பேரின் பலம்

பனி ஹாக்கியில் எதிரணி ஆள் குறைந்திருக்கும் நேரத்தைப் 'பவர் பிளே' என்பார்கள். நம் ஹாக்கியில் அந்தப் பெயர் இல்லையே தவிர, அந்த நிலைமை உண்டு. பச்சை அட்டைக்கு இரண்டு நிமிடம், மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது ஐந்து நிமிடம் வெளியே இருக்க வேண்டும். சிவப்பு அட்டை என்றால் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது.

ஆள் குறைந்தால் தோல்விதான் என்று நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17ஆம் நிமிடத்தில் அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்றார். மீதி 43 நிமிடமும் இந்தியா பத்துப் பேருடன் ஆடியது. 22ஆம் நிமிடத்தில் ஹர்மன்பிரீத் சிங் பெனால்டி கார்னரில் கோல் அடித்தார். 27ஆம் நிமிடத்தில் பிரிட்டன் சமன் செய்தது. அதற்குப் பிறகு அவர்களால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. ஆட்டம் 1-1. ஷூட் அவுட்டில் இந்தியா 4-2 என்று வென்றது. கோல் காத்தவர் ஸ்ரீஜேஷ்.

பத்துப் பேர் செய்ய வேண்டியது எளிது. ஓரங்களை விட்டுவிட்டு, கோலுக்கு முன்னால் நெருங்கி நின்று, எதிரி அவசரப்படும் வரை காத்திருக்க வேண்டும். பதினொரு பேருக்குத்தான் வேலை கடினம். கூடுதல் ஆள் எங்கே நிற்கிறான் என்று கண்டுபிடித்து, பந்தை அவனிடம் சேர்க்க வேண்டும்.

பதினொருவர் செய்ய வேண்டியவை

1. மைதானத்தின் அகலம் 55 மீட்டர். கோல் கீப்பரை விட்டால் தடுப்பவர்கள் ஒன்பது பேர். அத்தனை அகலத்தையும் அவர்களால் அடைக்க முடியாது. ஆகவே இரண்டு ஓரங்களிலும் ஆள் நிற்கட்டும். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் பந்தை நோக்கி ஓடி, அகலத்தைத் தாங்களே சுருக்கிவிட்டார்கள்.

2. பந்து ஓர் ஓரத்திலிருந்து பின்வரிசை வழியாக மறு ஓரத்துக்குப் போகட்டும். ஆள் ஓடுவதைவிடப் பந்து வேகமாக ஓடும். இரண்டு முறை திசை மாற்றினால், தடுப்பவர்களில் ஒருவர் தாமதமாக வருவார். அங்கேதான் வழி.

3. முன்னேறும்போது பின்னால் இரண்டு பேர் கட்டாயம் நிற்க வேண்டும். அன்று எங்கள் பின்வரிசையில் யாருமே இல்லை. ஆகவே அந்தக் கோல் ஒரு பையனின் தவறு என்று சொல்ல முடியாது. அதில் பத்துப் பேருக்குப் பங்கு உண்டு, பக்கத்தில் நின்று "போ, போ!" என்று கத்திய எனக்கும் உண்டு.

4. இரண்டு நிமிடம் என்றால் 120 விநாடி. நேரே கோல் கிடைக்காவிட்டால் ஒரு பெனால்டி கார்னராவது வாங்கப் பாருங்கள்.

பெனால்டி கார்னர்

வட்டத்துக்குள் தடுப்பவர் தவறு செய்தால் பெரும்பாலும் கிடைப்பது இது. இதில் கோல் கீப்பரோடு ஐந்து பேர்தான் தடுக்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் ஒருவர் பந்தைத் தள்ளிவிடுவார், ஒருவர் வட்டத்துக்கு வெளியே நிறுத்துவார், ஒருவர் அடிப்பார். முதல் அடி மட்டையை ஓங்கி அடித்ததானால், கோல் கோட்டைக் கடக்கும்போது 46 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது. மட்டையில் இழுத்து வீசும் டிராக் பிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

கோல் பட்டியலில் அடித்தவர் பெயர் மட்டும் வரும். தள்ளியவர் பெயரும் நிறுத்தியவர் பெயரும் வருவதில்லை. ஆனால் நிறுத்துபவர் ஒரு சாண் பிசகினால் அடிப்பவருக்கு வேலையே இல்லை.

சென்னையில் கண்ட பாடம்

2025 நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் சென்னையிலும் மதுரையிலும் 21 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நடந்தது. இந்திய இளைஞர்களுக்குப் பயிற்சியாளர் அதே ஸ்ரீஜேஷ். அரையிறுதியில் ஜெர்மனி 5-1 என்று வென்றது. சொந்த மண்ணில் அப்படித் தோற்ற பிள்ளைகளின் மனம் எப்படி இருந்திருக்கும்!

டிசம்பர் 10 அன்று மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது அர்ஜென்டினா 2-0 என்று முன்னால் நின்றது. 49ஆம் நிமிடத்தில் அங்கித் பால், 52இல் மன்மீத் சிங், 57இல் சாரதானந்த் திவாரி, 58இல் அன்மோல் எக்கா. பத்து நிமிடத்துக்குள் நான்கு கோல்கள்! வெண்கலம் கிடைத்தது. முதல் இரண்டும் பெனால்டி கார்னரில் வந்தவை. வீசியவரின் பந்தை வழியில் நின்றவர் தட்டித் திருப்பிவிட்ட கோல்கள் அவை. அதாவது, ஒருவரை ஒருவர் நம்பி ஆடிய ஆட்டம்.

வளரும் வயதின் தொல்லை

நான் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றவனைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. ஓராண்டில் நன்றாக வளர்ந்துவிட்டான். மட்டை மட்டும் பழையது. குட்டை மட்டையோடு அதிகமாகக் குனிந்து ஆடியிருக்கிறான். முதுகு வலித்ததையும் சொல்லவில்லை. "அப்பா போன வருஷம்தான் வாங்கிக் குடுத்தாரு, சார்" என்றான். புதிது கேட்க அவனுக்கு மனம் வரவில்லை.

பெற்றோர்களே, திடீரென உயரும் வயதில் கை கால்கள் பழைய கணக்கை மறந்து தடுமாறும். சில மாதங்களில் சரியாகும். முழங்காலுக்குக் கீழே வலி என்றால் ஓட்டத்தைக் குறையுங்கள். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதில் டிராக் பிளிக்கை நூறு முறை பழகச் சொல்லாதீர்கள், முதுகு தாங்காது. மட்டையை நிறுத்தினால் ஏறக்குறைய இடுப்பெலும்பு வரை வர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.

எங்களிடம் பெரிய பையன் ஒருவன் விட்டுச்சென்ற மட்டை இருந்தது. அதைக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு வந்துவிட்டான்.

பழகிப் பாருங்கள்

அரை மைதானத்தில் ஆறு பேருக்கு எதிராக ஐந்து பேர். ஒருவர் 120 வரை உரக்க எண்ணட்டும். பந்து இரண்டு ஓரங்களையும் தொட்ட பிறகே கோலுக்கு அடிக்கலாம். யாரும் மூன்று தட்டுக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது.

இன்னொன்று: ஆட்டத்தில் வாய் திறந்து பேசுங்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியும் மைதானத்தில் ஒரு மொழியும் பேசுகிறார்கள். ஆனால் 'கொடு' என்றால் தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றுதான். நாம் 'நில்' என்பதை அவர்கள் 'நில்லு' என்பார்கள். நின்று பார்த்து, பிறகு கொடுக்க வேண்டும். கூடுதல் ஆளின் பலன் இந்த இரண்டு சொல்லில் இருக்கிறது.

இப்போது பெனால்டி கார்னரில் எங்களுக்குப் பந்தை நிறுத்துபவன் அந்தப் பையன்தான்.